செல்லாமல் போன ஒரு பாஸ்போர்ட்

1970-களின் தொடக்கத்தில் நான் பி.எஸ்ஸி. படித்தபோது, யுரேனியம் அணுவைப் பிளந்தவர்கள் என்று எங்கள் பாடப்புத்தகம் ஹான், ஸ்ட்ராஸ்மன் என்ற இரண்டு பெயர்களைத்தான் சொன்னது. ஹானோடு பெர்லினில் முப்பது ஆண்டுகள் உழைத்த லீஸே மைட்னர் என்ற பெண்மணியைப் பற்றி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். அவர் பெயர் விடுபட்டதற்கும் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

1938 மார்ச் 12-ல் ஜெர்மன் படைகள் எதிர்ப்பின்றி ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. அக்டோபரில் செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதியான சுடேட்டன்லாந்து, 1939 மார்ச்சில் பிராக் நகரமே. இவை வாசகர்கள் அறிந்த சரித்திரம்.

மைட்னர் 1878-ல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933-ல் ஹிட்லர் ஆட்சி யூத உத்தியோகஸ்தர்களை நீக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமையை இழந்தார். ஆனால் ஆஸ்திரியப் பிரஜை என்பதால் ஆராய்ச்சிக்கூடத்தில் தொடர முடிந்தது. அந்த ஒரே கவசம் 1938 மார்ச்சில் கழன்றது. ஆஸ்திரியா என்ற நாடே இல்லாதபோது அதன் பாஸ்போர்ட்டுக்கு என்ன மதிப்பு?

அவர் வெளிநாடு செல்ல அனுமதி கேட்டு உள்துறை அமைச்சருக்கு எழுதியவர் கார்ல் போஷ். அம்மோனியா தயாரிப்பில் ஹேபரோடு சேர்த்து நாம் படித்த அதே போஷ். ஜூன் மாதம் மறுப்பு வந்தது. பெயர் பெற்ற யூதர்கள் வெளிநாடு போவது விரும்பத்தக்கதல்ல என்பதே அதன் சாரம். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குப்பை கொட்டியவன் நான். வசை எதுவும் இல்லாத அந்த ஆபீஸ் நடைதான் என்னை அதிகம் உறுத்தியது.

ஜூலை 13 அன்று, டச்சு விஞ்ஞானி டிர்க் காஸ்டரின் துணையோடு, மைட்னர் ரயிலில் ஹாலந்து எல்லையைக் கடந்தார். கைப்பையில் பத்து மார்க் பணம். காவலருக்குக் கொடுக்க நேர்ந்தால் இருக்கட்டும் என்று ஹான் கொடுத்த, அவருடைய தாயாரின் வைர மோதிரம். அப்போது அவருக்கு வயது 59. நம்மில் பலர் பென்ஷன் பேப்பர்களைச் சரிபார்த்துக் கொண்டிருந்த வயது!

பிறகு ஸ்வீடனில் அடைக்கலம். டிசம்பரில் ஹானிடமிருந்து கடிதம் வந்தது: யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் பேரியம் கிடைக்கிறது, இது எப்படி? கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த சகோதரி மகன் ஓட்டோ ஃப்ரிஷ்ஷோடு குங்கெல்வ் என்ற ஊரின் பனியில் நடந்தபடி மைட்னர் யோசித்தார். ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது. குறையும் நிறை, ஒரு புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு. ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் போட்டால் சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட். ஒரு கார்பன் அணு எரிந்தால் கிடைப்பது ஏறக்குறைய நான்குதான்.

ஹான் வெளியிட்ட கட்டுரையில், தப்பியோடிய யூதப் பெண்ணின் பெயரைச் சேர்க்க அன்றைய ஜெர்மனியில் வழியில்லை. 1944-ஆம் ஆண்டுக்கான ரசாயன நோபல் பரிசும் ஹானுக்கு மட்டுமே போயிற்று.

இன்னொரு விஷயம். சுடேட்டன்லாந்தோடு ஜெர்மனிக்குக் கிடைத்த ஊர்களில் ஒன்று யோகிம்ஸ்தால். மேரி கியூரி ரேடியம் பிரித்தெடுத்த தாது அங்கிருந்து வந்ததுதான். (அவ்வூர் வெள்ளிக்காசான 'தாலர்' தான் டாலர் ஆயிற்று என்பது உபரித் தகவல்.) அந்தச் சுரங்கத்து யுரேனிய விற்பனையை ஜெர்மனி நிறுத்திவிட்டது என்று, 1939 ஆகஸ்ட் 2 தேதியிட்டு ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஐன்ஸ்டைன் எச்சரித்தார். நிலத்தோடு தாது வந்தது. அதன் சூட்சுமம் அறிந்தவர்களோ வெளியேறிவிட்டார்கள். சில கிலோ யுரேனியம்-235 இருந்தால் குண்டு சாத்தியம் என்று 1940-ல் இங்கிலாந்து அரசுக்குக் கணக்கிட்டுக் கொடுத்தவர்கள், வியன்னாவில் பிறந்த அதே ஃப்ரிஷ்ஷும் பெர்லினில் பிறந்த பியர்ல்ஸும்.

குண்டு தயாரிக்கும் வேலைக்கு அழைப்பு வந்தபோது மைட்னர் மறுத்துவிட்டார். 1949-ல் ஸ்வீடன் குடியுரிமை பெற்றார். அப்போதும், போருக்குப் பின் மீண்டு வந்த ஆஸ்திரியாவின் குடியுரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.