குளிர்நீர்க் குடியேறி

தில்லியிலும் சண்டிகரிலும் வாழும் நம்மவர் கோடை விடுமுறையில் குலுவுக்கோ காஷ்மீரத்துக்கோ செல்லும்போது, ஆற்றினுள் முழங்காலளவு நீரில் நின்று நீண்ட கோலை முன்னும் பின்னும் வீசுவோரைக் காணக்கூடும். கரையில் நண்பர்கள் தேநீர் காய்ச்சிக்கொண்டிருப்பர். நழுவிய மீன் எவ்வளவு பெரியது என்பது பற்றி அவர்களிடையே மாலைவரை வழக்கு நடக்கும். பிடிபட்ட மீனைவிட அவ்வழக்கே அவர்களுக்கு இன்பம் தருவது போலும்! அவர்கள் நாடும் டிரௌட் மீன் இம்மலைகளுக்கு உரியதன்று. ஐரோப்பாவிலிருந்து குடியேறியது.

மீன்பிடித்தலைப் பொழுதுபோக்காகக் கொள்வது இந்நாட்டிற்குப் புதிதன்று. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் அதனை அரசர்க்குரிய விநோதங்களுள் ஒன்றாக வைத்து, மீன் வகைகளையும் இரைகளையும் விரித்துரைக்கிறது. ஆயினும் செயற்கை ஈயைக் கொண்டு மீன் பிடிக்கும் கலை ஆங்கிலேயருடன் வந்தது. இறகையும் பட்டிழையையும் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் சமைப்பர். அதற்கு எடை இல்லையென்றே சொல்லலாம். ஆகவே கனமான நூலையே வீசவேண்டும். நூல் ஈயைச் சுமந்து சென்று நீர்மேல் மெல்ல வைக்கும்.

கலை வந்தது; அதற்குரிய மீன் வரவில்லை. சென்னைப் படையின் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே 1863இல் நீலகிரிக்கு டிரௌட்டைக் கொணர முயன்று தோற்றார். குளிர்ச்சி குன்றினால் முட்டை அழிந்துவிடும். வெப்பக் கடல்களையும் சமவெளியையும் கடந்து அதனைக் கொணர்வது எளிதா? 1899இல் காஷ்மீரத்துக்கு அனுப்பிய முட்டைகளும் வழியிலேயே அழிந்தன. மறு ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய பிராங்க் மிச்செல் அவற்றைப் பொரிக்கச் செய்து வளர்த்தார். காஷ்மீரத்திலிருந்தே 1909இல் குலுவின் ஓடைகளுக்கும் டிரௌட் சென்றது. அதே காலத்தில் எச். சி. வில்சன் முயற்சியால் நீலகிரியிலும் வானவில் டிரௌட் வேரூன்றியது.

தாய்நாட்டை நினைந்து ஏங்கியோர் தம் ஓடையையே இங்கு பெயர்த்து வைத்தனர் எனலாம். பிற மாநிலத்தில் கறிவேப்பிலைக் கன்று தேடி அலைந்த நமக்கு அவ்வேக்கம் விளங்காததன்று. ஆனால் கறிவேப்பிலை எதையும் தின்பதில்லை. டிரௌட்டோ பிற மீன்களைத் தின்னும். இமயத்து ஆறுகளின் பழங்குடியான பனி மீன்களோடு அது இரைக்கும் இடத்துக்கும் போட்டியிட்டது.

இதில் ஒரு வியப்பு உண்டு. சென்னை மாகாண அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873இலேயே தம் தூண்டில் நூலில், நம் ஆறுகளின் மகசீர் ஆற்றலில் சால்மனையும் விஞ்சும் என்று எழுதினார். இன்று டிரௌட்டை அரசினர் பண்ணைகள் பொரித்து வளர்க்கின்றன. காவிரியின் திமில் மகசீரையோ, அற்றுப்போகும் நிலைக்கு மிக நெருங்கிய உயிரினங்களின் பட்டியலில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் சேர்த்தது.