அங்கத்தின் விலையும் முகத்தின் வடுவும்

விருதுபட்டி என்ற பழைய பெயர் விருதுநகர் என்று மாறிய 1923-ஆம் ஆண்டை ஒட்டித்தான், மழை பொய்த்துப் பழகிய சிவகாசியின் கரிசல் பூமியில், கல்கத்தா சென்று தொழில் கற்று மீண்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டார்கள். இந்திய சர்க்கார் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தை இயற்றியதும் அதே ஆண்டில்தான். தொழிலின் அபிவிருத்தியைப் பாராட்டி எழுதியவர் பலர். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையை நிதானமாகப் படித்தவர் சொற்பம்.

முழங்கைக்கு மேல் வலக்கை போனால் சம்பாத்தியத் திறனில் 70 சதவீதம் நஷ்டம், இடக்கையானால் 60, ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25, ஆள்காட்டி விரலுக்கு 10, மற்ற விரல் ஒவ்வொன்றுக்கும் 5 என்று, தராசில் பண்டம் நிறுப்பதுபோல் மனித தேகத்தை அது நிறுத்து வைத்தது. இரக்கமற்ற கணக்கு என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கவீனம் பூர்வஜென்ம வினையின் பலன் என்றும், அப்படிப்பட்டவர் எதிரே வருவது சகுனத்தடை என்றும், சம்பந்தம் பேச வருவோரிடம் மூடி மறைக்க வேண்டிய குடும்ப ரகசியம் என்றும் எண்ணியிருந்த தேசத்தில், விரல் போனதற்குக் காரணம் வேலை, அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் முதலாளி என்று எழுத்தில் வைத்ததே பெரிய காரியம். திண்ணையில் அமர்ந்து பெட்டி ஒட்டியவர்களும் ஏட்டில் பெயர் ஏறாத கூலிகளும் அதன் வாசலை மிதிக்கவில்லை என்பது வேறு கதை.

தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த 'மருந்தை'ச் சலித்துக் குழாயில் செலுத்துவோரின் முழங்கை வரை வெள்ளி நிறம் ஏறியிருக்கும். சிறு உராய்வில் அந்த மருந்து பற்றிக்கொண்டால் கையோடு முகமும் வெந்துவிடும். பிற்காலத்தில் அட்டவணையைத் திருத்தியவர்கள், மிகக் கடுமையான முகச்சிதைவை 100 சதவீத நஷ்டமாகச் சேர்த்தார்கள். கைகள் இரண்டும் நலமாயிருக்க, சம்பாத்தியம் முழுவதும் எவ்வாறு போகும்? அந்த முகத்தைக் கண்டு விலகுகிறவர்களால் போகும். சட்டம் தன்னையறியாமலே நம்மைக் குறித்துச் சாட்சி சொல்லிவிட்டது.

அட்டவணைக்கு அடங்காத விரல்களும் உண்டு. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார்.

மனம் பேதலித்தவர்களின் பாடு இன்னும் கொடிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்த காப்பகத்தில் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று மனநலச் சட்டத்தில் எழுத 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தேசமே அந்த எண்ணிக்கையைப் படித்தது. வெந்த உடம்போடு வீடு திரும்பியவர்களைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து 21 வகைகளை ஏற்று, திராவக வீச்சில் சிதைந்தவர்களையும் பெயர் சொல்லிக் குறித்தது. மருந்தறைத் தீயில் முகம் வெந்தவருக்கு அந்தப் பட்டியலில் தனி வரி இல்லை. கையோ காலோ கண்ணோ 40 சதவீதம் குன்றியிருப்பதாக மருத்துவர் சான்று எழுதினால்தான் சலுகைகள் அவரை வந்து சேரும்.