கொல்லிமலையும் கொடையறமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே சிறந்து விளங்கும் பதிகளுள் ஒன்று, கொல்லிமலையில் வளப்பூர் நாட்டின்கண் அமைந்த அறப்பள்ளி. நாமக்கல் மாவட்டத்திலுள்ள இம்மலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளையுடைய பாதை ஏறிச் செல்கின்றது. பலாவும் வாழையும் மிளகுக் கொடியும் செறிந்த சிற்றூர்களைக் கடந்து சென்றால் திருக்கோயிலை அடையலாம்.

திருநாவுக்கரசு சுவாமிகள் அடைவு திருத்தாண்டகத்தில், 'பள்ளி' என முடியும் பதிகளைத் தொகுத்துப் போற்றுமிடத்து அறப்பள்ளியையும் வைத்துப் பாடியருளினார். தனிப்பதிகம் கிடைக்காமையின் இது வைப்புத்தலம் எனப்படும். இறைவன் அறப்பளீசுரர்; இறைவி அறம்வளர்த்த நாயகி. நிலத்தை உழுதபோது கொழுமுனை பட்டுக் குருதி பெருக, ஆங்கே சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தலவரலாறு. அம்பலவாணக் கவிராயர் இப்பெருமானை முன்னிலைப்படுத்தி, உலகியல் நீதிகளை அறப்பளீசுர சதகமாகப் பாடினார்.

கோயிலின் அருகே ஓடும் ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்றும் ஆகாய கங்கை என்னும் அருவியாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே சமவெளியை அடைகின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்றே அருவியில் நீராடல் இயலும். இவ்வாற்று மீன்களை இறைவனுக்கு உரியனவாகக் கருதி, அன்பர்கள் இரையிட்டு மகிழ்வர்.

இம்மலையைச் சங்க காலத்தில் ஆண்டவன், கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி. ஓரம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்த வேட்டுவன் ஒருவனை வன்பரணர் தம் சுற்றத்தோடு கண்ட செய்தி புறநானூற்றில் 152-ஆம் பாட்டில் உள்ளது. பாணர் இசைபாடித் தலைவனைக் குறிக்கும் சொல்லைக் கூறியபோது, அது தனக்குரிய பெயராதலின் அவன் நாணினான். தன்னை இன்னானென்று வெளிப்படுத்தாமலே ஊனும் மதுவும் தந்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் வழங்கினான். அவனே கொல்லித் தலைவன் ஓரி.

பின்னர் மலையமான் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்பது அகநானூற்றால் அறியப்படும். போரில் வென்றவன் மலையைப் பெற்றான். ஆயினும் மலையின் புகழ் தோற்றவனிடத்தே நின்றது. செம்மேட்டில் இன்றும் நிற்பது ஓரியின் சிலையே. ஆடித் திங்களில் அரசு விழா எடுப்பதும் அவன் பெயராலேயே. தன் பெயரைக் கேட்டு நாணியவனின் பெயரைத் தமிழ் உலகம் மறவாதது எண்ணுதற்குரியது.

அங்ஙனமாயின், திருக்கோயில்களில் கொடுத்தோர் பெயரைக் கல்லில் வெட்டியது எற்றுக்கு எனின், அது தற்புகழ்ச்சிக்கன்று. சோழர் காலக் கல்வெட்டுக்கள் பல, இவ்வறம் மாகேசுரர் அனைவரின் காவலுக்குரியது என்று முடிகின்றன. அறத்தைக் காத்தவர் திருவடி கொடுத்தவர் தலைமேல் என்று கூறுவனவும் உள. விளக்கெரிக்க விட்ட நிலமும் பொன்னும் பிற்காலத்தார் கையில் அழியாமைப்பொருட்டே பெயரும் அளவும் எழுதப்பெற்றன. ஆதலின் கல்லிலுள்ள பெயர், கொடுத்தவருக்குப் புகழுரையாவதினும், பின்வருவோருக்குக் கடமையுரையாகும்.

குடமுழுக்குத் திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் நல்கிய அன்பர்கள் அறப்பள்ளிக்கு ஒருகால் யாத்திரை செல்வாராக. ஆண்டு ஐயாற்றில் நீராடி அறப்பளீசுரரை வழிபடுமிடத்து, நாணத்தோடு கொடுத்த ஓரியையும் நினைவாராக. கொடுத்தலினும் அரிது, கொடுத்ததைக் காத்தல். நாள்வழிபாடு குன்றாமல், ஏற்றிய விளக்கு அணையாமல் காக்கும் திருவருள் யாவர்க்கும் வாய்ப்பதாக. திருச்சிற்றம்பலம்.