சுத்த வம்சம்

எனக்கு எட்டு வயதிருக்கும். சத்தியமங்கலத்தில் எங்கள் கட்டுத்தரையில் ஒரு விடியற்காலையில் சாரைப்பாம்பு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. "மயிலை மாட்டுல பால் குடிக்க வந்திருக்குது" என்றார் அப்பாரு. சாரை மாட்டின் பின்னங்கால்களைச் சுற்றிக்கொண்டு மடியில் வாய் வைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாம்புக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது, அது எலியைத் தேடித்தான் தொழுவத்துக்கு வருகிறது என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை.

இதே கதை அமெரிக்காவிலும் உண்டு என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிவப்பும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்ட, விஷமில்லாத ஒரு பாம்பின் மேல் அங்கேயும் அதே பழி. 'பால் பாம்பு' என்றே பெயரும் வைத்துவிட்டார்கள். இன்று அதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைப்பது மேல்நாட்டில் சிலருக்குப் பித்து. வம்சம் பார்ப்பவர்கள் ஹோண்டுராஸ் பாம்பை மெக்ஸிகோ பாம்போடு சேர்க்கமாட்டார்கள். கலந்துவிட்டால் அவர்களிடம் மதிப்பில்லை. இத்தனைக்கும், சுமார் 25 உள்ளினங்கள் என்று எண்ணி வைத்திருந்த கணக்கை 2014-ல் வெளிவந்த ஒரு மரபணு ஆராய்ச்சி கலைத்துப் போட்டு, ஏழு தனி இனங்கள் என்று புதிதாக அடுக்கியது. சுத்தம் என்று நம்பிப் பெட்டியில் எழுதி ஒட்டிய பெயர்களில் பல அதோடு சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டன. பாம்புக்கு இதெல்லாம் தெரியுமா, பாவம்!

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்க்க 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நல்லதுதான். அதற்காக வம்ச சுத்தம் என்கிற பித்து நமக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கொங்கு நாட்டில் அது பாம்பை விட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டது. (மனிதர்களையும்தான் பிடித்துக்கொண்டது. அந்த வெட்கக்கேட்டை வேறொரு நாள் பேசலாம்.)

காங்கேயம் மாட்டைப் பற்றிப் பேசினால் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தம் மந்தையில் பொறுக்கியெடுத்த காளைகளைக் கொண்டே இனத்தைப் பெருக்கி, அதற்கு ஒரு பேர் வாங்கிக் கொடுத்தவர் அவர். 1936-ல் லிட்டில்வுட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதில் காங்கேயத்துக்குத் தனி இடம் உண்டு. ஆனால் பட்டக்காரர் ஒருவரால் மட்டும் ஓர் இனம் நின்றுவிடுமா? பெயர் தெரியாத குடியானவர்கள் கொறங்காட்டைச் சுற்றி முள்கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் காத்து, எந்தப் பசுவுக்கு எந்தப் பூச்சிக்காளை என்று தலைமுறை தலைமுறையாக மனசிலேயே கணக்கு வைத்திருந்தார்கள்.

இந்த மாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. கன்று பிறக்கும்போது செவேலென்று இருக்கும். ஆறு மாதம் ஆவதற்குள் சிவப்பு உதிர்ந்து மயிலையாகிவிடும். காளையானால் திமிலும் கழுத்தும் கறுக்கும். காயடித்தால் அந்தக் கறுப்பு மறுபடி வெளிறிவிடும். பிறந்த கன்றின் நிறத்தைப் பார்த்து எங்கள் பக்கத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை. காத்திருப்பார்கள்.

இவ்வளவு கண்ணும் கருத்துமாக வம்சத்தைக் காத்தது பாலுக்காக அல்ல. நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கிற மாட்டை யார் பாலுக்காக வளர்ப்பார்கள்? எல்லாம் எருதுக்காகத்தான். ஆழக் கிணற்றிலிருந்து கவலை இறைக்க, சாலும் வடமும் இழுக்க, மேட்டில் வண்டி ஏற்ற, காங்கேயம் எருதுக்கு இணை கிடையாது. பைக்காரா மின்சாரம் 1930-களில் கோவைச் சீமைக்கு வந்தது. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் இறங்க இறங்கக் கவலைகள் ஓய்ந்தன. பின்னால் டிராக்டர் வந்தது. எருதுக்கு வேலை போயிற்று. வேலை போனதும் வம்சக் கணக்கும் மறந்தது. அந்த இடத்தில்தான் ஜெர்ஸி வந்து நின்றது, சினை ஊசி ரூபத்தில்.

எங்களுக்கு வடக்கே பர்கூர் மலை மாட்டின் கதை வேறு. செந்நிற மேனியில் வெள்ளை தெளித்த அந்த மாடு காட்டில் மேய்ந்து, மலைப் பட்டியில் அடைந்து வளர்ந்தது. அதற்குக் காடுதான் கட்டுத்தரை. 2022-ல் உயர் நீதிமன்றம் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சல் கூடாது என்றது. 2024-ல் பர்கூர் மலைக்காடுகள் சரணாலயமாயின. புலிக்கும் நியாயம் உண்டு, மாட்டுக்கும் உண்டு. நான் யாருக்காகப் பேசுவது?

2014-ல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்து, 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் பிள்ளைகள் திரண்டபோது, காங்கேயம் காளையின் படம் பட்டணத்துச் சுவரெல்லாம் ஏறியது. அந்த மாட்டை ஆராய்ந்து பெருக்குவதற்காகக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்றும் எங்கள் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்திலேயே வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் மயிலை என் கண்ணில் நிற்கும்.

அதற்குச் சினை ஊசி போடச் சொன்னது என் தகப்பனார்தான். கடன் இருந்தது, பால் வேண்டும். அப்பாரு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கிடாரிக் கன்று பிறந்தது, செவேலென்று. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் அவர் கட்டுத்தரைக்குப் போய்க் கன்றின் முதுகு மயிரை விரலால் கோதிப் பார்ப்பார். ஊசியில் இருந்தது ஜெர்ஸி என்று அவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் பார்ப்பார். ஆறு மாதம் போயிற்று. நிறம் மாறவில்லை. ஏழாவது மாதமும் பார்த்தார்.

அந்தச் செவலை வளர்ந்து கன்று ஈன்று, வேளைக்கு ஆறு லிட்டர் கறந்தது. நான் பள்ளிப் படிப்பை முடித்தது அந்தப் பால் காசில்தான். அப்பாரு மட்டும் கடைசி வரைக்கும் காப்பியைக் கறுப்பாகவே குடித்தார்.