நீரிழிவால் நலிந்த பல் குருத்தணுக்களுக்கான ஒளி–மருந்துச் சிகிச்சை

நீரிழிவால் செயல்திறன் குன்றிய பல் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்கள்) குறைந்த ஆற்றல் லேசர் ஒளியாலும் மெட்ஃபார்மின் போன்ற மருந்துகளாலும் மீட்க முயலும் ஆய்வுத் துறை இது. பெரும்பாலும் செல் வளர்ப்பு, விலங்குச் சோதனை நிலைகளில் உள்ளது. இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

பல் குருத்தணுக்கள்

பிடுங்கிய ஞானப் பல்லின் கூழில் குருத்தணுக்கள் இருப்பதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2000இல் அறிவித்தனர். உதிரும் பால் பற்களில் 2003இலும், பல்லை எலும்போடு பிணைக்கும் நாரில் 2004இலும் இவ்வகைச் செல்கள் கண்டறியப்பட்டன. தக்க சூழலில் இவை பல்திசு, எலும்பு, கொழுப்பு ஆகியவற்றின் செல்களாக மாறக்கூடியவை.

நீரிழிவின் பாதிப்பு

மிகுந்த குளுக்கோஸ் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, அழற்சியைத் தூண்டும் சேர்மங்களை உண்டாக்குகிறது. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. இதனால் குருத்தணுக்கள் மெதுவாகப் பெருகுகின்றன, விரைவில் முதுமையடைகின்றன, எலும்பாக்கும் திறனையும் இழக்கின்றன. நீரிழிவாளர்களிடம் ஈறு நோய் கடுமையாவதற்கும் புண் ஆறத் தாமதமாவதற்கும் இத்தகைய மாற்றங்களும் துணைபோகின்றன.

ஒளியின் செயல்

புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் 1967இல் மழித்த எலிகளின் மீது ரூபி லேசரைப் பாய்ச்சியபோது அவற்றின் முடி வேகமாக வளர்ந்தது. ஒளிவழி உயிர்ச்சீராக்கம் எனப்படும் இத்துறையின் தொடக்கம் அதுவே. 660 நானோமீட்டர் சிவப்பொளியும் 810 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பொளியும் மிகுதியாகப் பயன்படுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் நொதி இவ்வொளியை ஏற்று, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி உற்பத்தியைக் கூட்டுகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அளவு முக்கியம்: சிறிதளவு தூண்டும், மிகுந்தால் ஒடுக்கும்.

மருந்தின் செயல்

சர்க்கரை மாத்திரையாக நாம் அறிந்த மெட்ஃபார்மின், ஏஎம்பிகே என்னும் நொதியை முடுக்கி, எலும்பாக்க மரபணுக்களுக்கு உதவுகிறது. ஈறு நோயில் பல்லடிப் பையினுள் இதன் 1 விழுக்காடு ஜெல்லை இட்டுப் பார்த்த மருத்துவச் சோதனைகள் இந்தியாவிலும் நடந்துள்ளன.

இணைப்பும் வரம்பும்

ஒளியும் மெட்ஃபார்மினும் மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபி உற்பத்திக்கு உதவும் ஒரே ஆற்றல் சங்கிலியைத் தொடுகின்றன. தொடும் இடமும் திசையும் வேறு. மெட்ஃபார்மின் முதல் கண்ணியைத் தணிக்கிறது, ஒளி கடைசிக் கண்ணியான சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸை ஊக்குகிறது. ஆகவே இவை ஒன்றையொன்று வலுப்படுத்துமா, எதிர்க்குமா என்பது மருந்தின் செறிவையும் ஒளியின் அளவையும் பொறுத்தது. வளர்ப்புத் தட்டில் செல்கள் மீது நேரே விழும் ஒளி, வாயில் ஈறையும் குருதியையும் கடக்கும்போது சிதறி மங்குகிறது; தட்டில் தேறிய அளவை அப்படியே நோயாளிக்குப் பொருத்த இயலாது.