கண்டிச்சீமைக்கு வந்தவர்களும் போனவர்களும்

கண்டி வாவியின் கரைச்சுவருக்குச் சிங்களத்தில் 'வலாகுளு பம்ம' என்று பெயர். முகில் சுவர். மேகம் சுருண்டு நிற்பதுபோல் அதன் மேல்விளிம்பு அலையலையாக வளைகிறது. சுவரெங்கும் அகல் வைக்க முக்கோண மாடங்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்திறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதன் முன்னால் நின்றுதான் முதல் படத்தை எடுக்கிறார்கள். கரையோடு கொஞ்சம் நடந்தால் சுவர் பாதியில் முடிந்துபோகிறது. வாவி முழுவதையும் இதனால் வளைக்க நினைத்த மன்னர் 1815இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். வேலையும் அன்றோடு நின்றது.

அவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1798இல் பதினெட்டு வயதில் பட்டத்துக்கு வந்தவர். அரண்மனைக்கு எதிரே வயலாகக் கிடந்த பள்ளத்தை அணைகட்டி மறித்து, 1807 தொடங்கி 1812க்குள் இந்த வாவியை உண்டாக்கினார். புத்தரின் புனித தந்தம் இருக்கும் தலதா மாளிகையின் முகப்பில் நீட்டி நிற்கும் எண்கோண மண்டபமும் அவர் காலத்தது. அதைப் 'பத்திரிப்புவ' என்கிறார்கள். வாவி, நடுவில் ஒரு தீவு, பின்னால் எட்டுப்பட்டைக் கூரை: கண்டி என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் காட்சி முழுவதும் ஒரே மன்னரின் ஆட்சியில், தேவேந்திர மூலாச்சாரி என்ற ஒரே சிற்பியின் திட்டத்தில் அமைந்தது.

மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். 'ராஜகாரியம்' என்ற ஊழிய முறையில், நிலம் வைத்திருந்த குடிகள் அரசுக்கு உடலுழைப்புத் தரவேண்டும். போர் நெருங்கிவந்த காலத்தில் அழகுக்காக ஒரு வாவி எதற்கு என்று பிரதானிகளும் குடிகளும் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு கடைசியில் மன்னரின் முடியையே கொண்டுபோயிற்று.

சிங்களவரின் கடைசி அரசில் கண்ணுசாமி என்ற பெயர் எப்படி வந்தது? கண்டி மன்னர்கள் பட்டத்து அரசியை அரச குலத்திலிருந்தே எடுக்கவேண்டும் என்பது வழக்கம். உள்ளூர்ப் பிரதானிகளின் வீட்டுப் பெண்ணை அந்த இடத்தில் வைத்தால் மற்றப் பிரதானிகள் பொறுக்கமாட்டார்கள். ஆகவே மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். வீர நரேந்திர சிங்கன் 1739இல் பட்டத்துக்கு உரிய பிள்ளை இல்லாமல் இறந்தபோது, அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினார். அடுத்து கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், கடைசியாகக் கண்ணுசாமி. நான்கு மன்னர்கள், எழுபத்தாறு ஆண்டுகள். வேரில் தெலுங்கர், பழக்கத்தில் தமிழர். அரண்மனையில் தமிழ் புழங்கியது.

இவர்களில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைத் தனியாகச் சொல்லவேண்டும். 1747இலிருந்து 1782வரை ஆண்டவர். நெற்றியில் திருநீறு பூசும் குடும்பத்திலிருந்து வந்த அவர்தான், நின்றுபோயிருந்த பௌத்த உபசம்பதையை மீட்டுக் கொடுத்தார். ஒல்லாந்தரின் கப்பலில் தூது அனுப்பி, இன்றைய தாய்லாந்தான சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, 1753இல் கண்டியில் பிக்குகளுக்கு மறுபடியும் உயர் தீட்சை கிடைக்கச் செய்தார். இன்று வாவிக்கரையில் இருக்கும் மல்வத்தை விகாரையும் நகரின் இன்னொரு பக்கத்து அஸ்கிரியவும் அப்படி உருவான சீயம் நிக்காயம் என்ற பிக்கு மரபின் இரு பீடங்கள்.

பெரஹரா என்னும் ஊர்வலத்தின் இன்றைய ஒழுங்கும் அவர் காலத்தில் அமைந்ததுதான். அதற்கு முன்னால் எசல மாதத்து ஊர்வலம் தேவர்களுக்கு உரியதாக இருந்தது. சீயத்துப் பிக்குகளின் விருப்பப்படி புத்தரின் புனித தந்தத்துக்கு முதலிடம் கொடுத்து, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் பின்தொடரும்படி வகுத்தார்கள். இன்றும் அதே வரிசைதான். சாட்டை அடிப்பவர்களும் தீப்பந்தக்காரர்களும் முன்னே வர, தந்தப் பேழையைச் சுமந்த யானை அசைந்து கடந்துபோகும். பல ஆண்டுகள் பேழையைச் சுமந்த ராஜா என்ற யானை 1988இல் இறந்தது. அதன் உடலைப் பதப்படுத்தி மாளிகை வளாகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த நான்கு தேவர்களில் ஒருவர் நம் முருகன். பத்தினி, நம் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கையின் கயவாகு மன்னனும் வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மாளிகைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் எதிரே சில அடி தூரத்திலிருக்கும் பத்தினி தேவாலயத்துக்குள் நுழைகிறார்கள்? தமிழ்ப் பயணிகள்கூடப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார்கள். அதற்கு அருகே பதினான்காம் நூற்றாண்டின் நாத தேவாலயம் இருக்கிறது. கண்டியில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கட்டடம் அதுதான். கருங்கல்லில் எழுந்து, மேலே குவிந்து முடியும் அதன் உருவத்தைப் பார்க்கிற எவருக்கும் சோழநாட்டுக் கோயில் விமானம் நினைவுக்கு வரும். ஒரு மணிநேரம் மிச்சமிருக்கிறவர்கள் அந்த நேரத்தை இங்கே செலவிடலாம்.

கண்ணுசாமிக்கு வருவோம். அவரை நல்லவராகக் காட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. பிரதான அமைச்சர் எஹெலபொல பிரிட்டிஷாருடன் சேர்ந்துகொண்டபோது, 1814இல் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் மன்னர் கொல்லச் செய்தார். மூத்தவன் அஞ்சிப் பின்வாங்க, இளைய மகன் மத்தும பண்டார தானாக முன்வந்து கழுத்தை நீட்டினான் என்று இன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாயைப் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். அந்தக் குளம் இப்போது இல்லை. ஓரிடத்து மக்களின் மனம் ஒரு மன்னரை விட்டு விலகுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிரிட்டிஷார் கண்டிக்குள் நுழைந்தார்கள். 1815 பிப்ரவரி 18 அன்று மெதமஹநுவரைப் பக்கம் ஒளிந்திருந்த இடத்தில் அவரைப் பிடித்தார்கள். மார்ச் 2ஆம் தேதி, மாளிகைக்குப் பக்கத்தில் செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் மகுல் மடுவவில், ஆளுநர் ரொபர்ட் பிரவுன்ரிக்குடன் கண்டிப் பிரதானிகள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மூன்று நூற்றாண்டுகள் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் தடுத்து நின்ற மலைநாடு ஒரு தாளில் கைமாறியது. உள்ளே போகிறவர்கள் அந்தத் தூண்களின் செதுக்கு வேலையைத் தடவிப் பார்க்கிறார்கள். அங்கே கையெழுத்தான தாளில் வேறொரு செய்தியும் இருக்கிறது: ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில், கிரந்தம் கலந்து தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள். அரண்மனையின் மொழி பிரதானிகளின் கைவரைக்கும் வந்திருந்தது. அதே உடன்படிக்கை, 'மலபார்' இனத்தவருக்கு இனி கண்டி அரியணையில் உரிமை இல்லை என்றும் அறிவித்தது. பிரிட்டிஷார் அன்று தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். நகரில் இன்றும் மலபார் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. மன்னரின் உறவினர்கள் குடியிருந்த தெரு அது.

மன்னரையும் குடும்பத்தையும் கப்பலேற்றி 1816இல் சென்னைக்குக் கொண்டுவந்து, பிறகு வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய கல்லறையைச் சுற்றி எழுப்பிய முத்து மண்டபம் இருக்கிறது. பிரிட்டிஷாரை அழைத்துவந்த எஹெலபொலவும் கண்டியில் சாகவில்லை. அவரையும் அவர்கள் நம்பாமல் மொரிஷியஸுக்கு நாடுகடத்த, 1829இல் அங்கே இறந்தார்.

இந்த இடத்தில் நகரை விட்டுக் கொஞ்சம் வெளியே போகவேண்டும். பேராதனையைத் தாண்டி, கொழும்பு வீதியிலிருந்து பிரிந்தால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க என்று மூன்று கோயில்கள் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. முச்சக்கரவண்டிக்காரர்கள் மூன்றையும் ஒரே சுற்றாகக் காட்டுவார்கள். நாயக்கர்கள் வருவதற்கு நானூறு ஆண்டுகள் முந்திய கதை இங்கே இருக்கிறது. கம்பளையில் நான்காம் புவனேகபாகு ஆண்ட 1344இல் கடலாதெனியவும் லங்காதிலகவும் எழுந்தன. கடலாதெனியவைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி. தென்னிந்தியக் கைகள் செய்த புத்தர் கோயில் என்று அதன் கல்தூண்களும் மேற்கட்டும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகின்றன.

லங்காதிலகவுக்குப் பாறையில் வெட்டிய படிகளேறிப் போகவேண்டும். மூச்சு வாங்கும். மேலே வெள்ளைக் கோயில், கீழே வயல், தொலைவில் மலை. அந்தப் பாறையின்மேலேயே கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்கு விட்ட நிலங்களையும் அதன் காவலையும் பற்றிய அரசாணை. ஒரு பகுதி சிங்களம், ஒரு பகுதி தமிழ். மலைநாட்டின் நடுவே, ஒரு பௌத்த விகாரையின் சாசனத்தை இரண்டு மொழியிலும் வெட்டவேண்டும் என்று 1344இல் நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். வழிகாட்டிப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. கண்டிச் சுற்றுலாவின் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் பார்க்கமுடியும் என்றால், இந்தப் பாறையைத்தான் சொல்லவேண்டும்.

எம்பக்கவில் மரத்தூண்களில் மல்லர்கள், இருதலைப் பறவைகள், ஆடும் பெண்கள். கதிர்காமக் கடவுளின் கோயில் அது. அந்தத் தூண்களையும் தேவேந்திர மூலாச்சாரி செதுக்கினார் என்று அங்கே சொல்கிறார்கள். வாவி கட்டிய மூலாச்சாரிக்கும் பதினான்காம் நூற்றாண்டுக் கோயிலுக்கும் காலம் ஒட்டவில்லை. பெரிய வேலை எதைக் கண்டாலும் ஒரே பெயரைச் சொல்வது எல்லா ஊர் வழக்கமும்தான்.

கண்டியைப் பிடித்த பிரிட்டிஷாருக்கு அங்கே போய்வர வீதி வேண்டியிருந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கடுகண்ணாவைக் கணவாயைக் குடைந்து வீதி போட்டார்கள். வீதி வந்ததும் கோப்பி வந்தது. மன்னர்களின் தோட்டமாக இருந்த பேராதனை இடத்தில் அலெக்சாண்டர் மூன் 1821இல் தாவரத் தோட்டம் அமைத்தார். மகாவலி வளைத்துக்கொண்டு ஓடும் அந்த 147 ஏக்கர் இன்று காதலர்களுக்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கும் உரிய இடம். யூரி ககாரின் 1961இல் நட்ட மரம் அங்கே நிற்கிறது. ஆனால் தொடக்கத்தில் அது தோட்டத்துரைமாருக்குப் பயிர்களைப் பரிசோதித்துக் கொடுத்த கூடம்.

கோப்பிக்குக் கைகள் வேண்டும். ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் பின்னால் ஆட்கள் வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டுவழியே நூற்றைம்பது மைல் நடந்து மாத்தளைக்கு. காய்ச்சலும் வாந்திபேதியும் பசியும் வழிநெடுகப் பலரைத் தின்றன. உயிரோடு சேர்ந்தவர்களின் முதல் பெரிய தங்கல் மாத்தளை. கண்டியிலிருந்து வடக்கே பதினாறு மைல். இன்று சிகிரியாவுக்குப் போகும் வேன்கள் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் பத்து நிமிடம் நிற்கின்றன. மாசி மகத்துக்கு அங்கே ஐந்து தேர் ஓடும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போவதை 'கண்டிக்குப் போறது' என்றார்கள். தீவு முழுவதும் அவர்களுக்குக் கண்டிச்சீமைதான்.

1867 இந்த மலையில் முக்கியமான ஆண்டு. கோப்பி மூட்டைகளை இறக்க ரயில் கண்டியை எட்டியது அந்த ஆண்டில்தான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டதும் அதே ஆண்டு. இரண்டு வருடம் கழித்து இலைநோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. டெய்லர் 1892இல் இறந்தார். கண்டி மஹியாவ இடுகாட்டில் அவர் கல்லறையைத் தேடிப் பூ வைக்கிறவர்கள் இன்றும் வருகிறார்கள். ஹந்தானை மலையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மாத்தளை வழியில் விழுந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பாஸ்போர்ட் வேலைக்காகக் கண்டி நகரின் இந்திய அலுவலகத்துக்குக் குடும்பம் குடும்பமாக ஏறி இறங்கினார்கள். கோப்பிக்காகப் போட்ட அதே தண்டவாளத்தில் தொடங்கித் தலைமன்னார்வரை ரயில். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். அண்ணன் போக, தங்கை நிற்க, பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி வைத்துப் பிரிந்த அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வந்தது.

வந்து இறங்கியவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இப்போது டான்டீ என்கிறார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிற அந்தக் குடும்பங்களை, ஊர்க்காரர்கள் இன்றும் சிலோன்காரர்கள் என்கிறார்கள்.