களமும் ஏரியும் புள்ளைங்க ஓடின இடமும்

போன மாசம் சிட்லபாக்கத்துல இருக்கிற என் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை. பேரனுக்கு நாலு வயசு, காலையில இருந்து சோபா மேல ஏறிக் குதிச்சுக்கிட்டே இருந்தான். கீழ் வீட்டுக்காரங்க ஏற்கனவே ரெண்டு தடவை வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. அதனால மால்ல புள்ளைங்க குதிக்கிறதுக்குன்னே ஒரு இடம் இருக்குன்னு கிளம்பினோம். ஒரு மணி நேரத்துக்கு 500 ரூபா. அதுக்குன்னு தனியா ஒரு சாக்ஸ், 60 ரூபா. வீட்டுல இருந்து போட்டுட்டு வந்த சாக்ஸ் ஆகாதாம். நான் கண்ணாடிக்கு வெளியில உட்கார்ந்து பார்த்தேன். பையன் சந்தோஷமாத்தான் குதிச்சான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்லை.

திரும்பி வரும்போது பொண்ணு கேட்டா: "சின்ன வயசுல எங்களையெல்லாம் எங்கப்பா கூட்டிட்டுப் போவீங்க? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே."

ஞாபகம் இருக்காது. நாங்க எங்கேயும் கூட்டிட்டுப் போகலை. கதவைத் திறந்து விட்டோம், அவ்வளவுதான். அப்படித் திறந்து விட்டா போறதுக்கு வெளியில ஒரு இடம் இருந்துச்சு. அந்த இடம் எப்படி வந்துச்சு, எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல ஒரு வழிகாட்டுதல் சொல்லியிருக்கு. ஒரு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்க ஒரு நாளைக்கு மொத்தமா 3 மணி நேரமாவது ஓடி ஆடி இருக்கணுமாம். மால் கணக்குல பார்த்தா தினம் 1,500 ரூபா ஆகுது, சாக்ஸ் தனி. எங்க ஊர்ல அந்த 3 மணி நேரம் காலைக்கஞ்சிக்கு முன்னாடியே முடிஞ்சிடும்.

நான் இருக்கிறது ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவுல. பழைய செங்கல்பட்டு ஜில்லா. இந்த ஜில்லாவே ஏரிகளாலதான் பிழைச்சுது. பெரிய ஆத்துப் பாசனம் கிடையாது, மழைத் தண்ணியை ஏரியிலயும் தாங்கல்லயும் பிடிச்சு வச்சுத்தான் நெல்லு. நீங்க தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல வரும்போது பழவந்தாங்கல்னு ஒரு ஸ்டேஷன் வருதே, அந்தத் தாங்கல்ங்கிறதும் சின்ன ஏரிதான். மயிலாப்பூர் பக்கத்துல மந்தைவெளி, பேரே சொல்லுது, மாடு மேஞ்ச வெளி.

ஊருன்னா வீடும் கழனியும் மட்டும் இல்லை. ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள்ல, ஊர் நிலத்துல எதுக்கெல்லாம் வரி கிடையாதுன்னு வரிசையா வெட்டியிருக்கான். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, களம், கன்று மேய்பாழ். கன்னுக்குட்டி மேயறதுக்குன்னே விட்ட தரிசு! கன்னுக்குட்டி எங்க போகுதோ அங்கதான் அதை ஓட்டிட்டுப் போற அஞ்சு வயசுப் பொடியனும் போவான். வெள்ளைக்காரன் வந்தப்புறம் 1767ல இருந்து 1774 வரைக்கும் பர்னார்டுங்கிற என்ஜினியர் இந்தச் செங்கல்பட்டுப் பக்கம் சுமார் 2,000 ஊரை அளந்தான். அவன் கணக்குலயும் ஏரி, தோப்பு, மனை எல்லாம் தனித்தனியா வருது. இன்னைக்கும் வி.ஏ.ஓ. ஆபீஸ்ல அ-பதிவேட்டைப் புரட்டினா களம் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, ஏரின்னு சர்வே நம்பரோட இருக்கும். விளையாட்டு மைதானம்னு ஒண்ணு எங்க ஊர்ப் பதிவேட்டுல இல்லை. அது தேவைப்படலை.

தை மாசம் அறுப்பு முடியற வரைக்கும் களம் பெரியவங்களுக்கு. முடிஞ்சப்புறம் புள்ளைங்களுக்கு. சாணம் மெழுகி இறுகின தரை, விழுந்தா அடிபடாது. வைக்கோல் போர்ல ஏறிச் சறுக்கறதுக்கு அப்பாகிட்ட அடி வாங்கியிருக்கேன், போர் சரிஞ்சா மழைத் தண்ணி உள்ள இறங்கிடும். பங்குனி சித்திரையில ஏரி வத்தும். அப்ப பாருங்க, நூறு ஏக்கருக்கு மேல வெறும் தரை. சடுகுடு, கில்லி, ஏழாங்கல், கிளித்தட்டு. சின்னதுங்களுக்கு நுங்கு வண்டி. சாப்பிட்டுப் போட்ட நுங்குக் கூந்தல் ரெண்டு, நடுவுல ஒரு குச்சி, கவட்டைக் கொம்பு ஒண்ணு வச்சுத் தள்ளிக்கிட்டே ஏரிக்கரை முழுக்க ஓடுவாங்க. நடை பழகற குழந்தைக்கு ஆசாரி செஞ்ச நடைவண்டி. ஒரு வண்டி நாலு வீடு சுத்தும்.

அந்தக் கோடையிலயே பெரியவங்களும் ஏரிக்குள்ளதான் இருப்பாங்க. வண்டல் வெட்டிக் கழனிக்கு அடிப்பாங்க, கரையில மண்ணு போடுவாங்க. குடிமராமத்துன்னு பேரு. 1858லயே மதராஸ்ல அதுக்கு ஒரு சட்டம் இருந்துச்சு, கரையைக் காப்பாத்துற வேலைக்கு வரலைன்னா தண்டம். உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுல ஏரி வாரியம்னே ஒரு குழு வருது. ஆக புள்ளை ஒரு பக்கம் ஓடும், அப்பன் ஒரு பக்கம் மண்ணு வெட்டுவான், நீர்க்கட்டி மதகுல உட்கார்ந்து ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டு இருப்பார். குடும்பத்தோட உடம்பசையறதுன்னு இப்ப சொல்றாங்களே, அது எங்களுக்குத் தனி வேலையா இல்லை.

இதையெல்லாம் சொர்க்கம் மாதிரி சொல்லிட்டுப் போனா பொய்யாயிடும். காலனிப் புள்ளைங்க ஊர்க் களத்துக்குள்ள வர முடியாது. நான் கண்ணால பார்த்து வளர்ந்தது. சேரி தனிங்கிறதும் மேல சொன்ன அதே சோழர் கல்வெட்டு வரிசையில இருக்கு. ஏரி வத்தினப்புறம் கரைக்கு அந்தப் பக்கம், பெரியவங்க கண்ணு படாத இடத்துல மட்டும் நாங்க ஒண்ணா சடுகுடு ஆடினோம். கரை ஏறினா அவங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம். பொண்ணுங்களுக்கு வாசல்ல பாண்டி, திண்ணையில கல்லாங்கா, பத்துப் பன்னெண்டு வயசுக்கு மேல அதுவும் இல்லை. தண்ணியில போன புள்ளைங்களும் உண்டு. செங்கல் சூளைக்கு மண்ணு தோண்டின பள்ளம் மழையில தெரியாது.

இனி தாம்பரம் பக்கம் வர்றேன். அதுவும் இதே மாதிரி ஏரி ஊருங்கதான். சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம். 1928ல டாக்டர் சௌரி முத்து அங்க காசநோய்க்கு சானடோரியம் ஆரம்பிச்சார். திறந்த வெளியும் சுத்தமான காத்தும்தான் அவர் வைத்தியத்துல முக்கியம். நோயாளியை அனுப்பி வைக்கிற அளவுக்கு வெட்டவெளி இருந்த ஊர் அது. 1931ல பீச்சுல இருந்து தாம்பரத்துக்கு எலக்ட்ரிக் ட்ரெயின். 1937ல கிறிஸ்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு சேலையூர்க் காட்டுக்கு வந்துச்சு. ட்ரெயின் வந்த வழியிலயே மனையும் வந்துச்சு.

மனை வந்ததால ஏரி போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதுல ஒரு திருத்தம் உண்டு. முதல்ல போனது ஆயக்கட்டு. கழனி மனையான அன்னைக்கே ஏரித் தண்ணிக்கு ஆள் இல்லாம போச்சு. தண்ணி வேணும்னு கேக்கிற விவசாயி இருந்த வரைக்கும் கரையை எவனும் தொட முடியாது, அடிதடி நடக்கும். கேக்க ஆள் இல்லாதப்ப ஒருத்தன் குப்பை கொட்டுவான், ஒருத்தன் சாக்கடையைத் திருப்புவான், அப்புறம் குடிசை, அப்புறம் ஆபீஸ் கட்டடம். களம் இன்னும் சுலபம். நெல்லு இல்லாத களம் வெறும் காலி இடம்தானே? தண்ணித் தொட்டி, ரேஷன் கடை. தேவையானதுதான். ஆனா புள்ளைங்க எங்க போகும்னு எந்தப் பதிவேட்டுலயும் ஒரு கேள்வி இல்லை, ஏன்னா அவங்க அங்க விளையாடினதே பதிவுல இல்லை.

அதுக்குப் பதிலா ஒரு விதி வந்துச்சு. 10,000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா, ரோடு போக மீதியில 10 சதவீதத்தைப் பொது இடமா ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கணும். நீங்க இருக்கிற நகர் அப்படி அங்கீகாரம் வாங்கின பெரிய மனைப்பிரிவா இருந்தா வரைபடத்துல பூங்கான்னு ஒரு கட்டம் நிச்சயமா இருக்கும். அந்த வரைபடத்தை எடுத்துப் பாருங்க. என் பொண்ணு நகர்லயும் இருக்கு. அதுல இப்ப யாரோ ஜல்லி கொட்டி வச்சிருக்காங்க.

செலவில்லாம புள்ளைங்களோட நடக்க இந்தப் பக்கம் இன்னும் இடம் இருக்கு. திருநீர்மலை, குன்றத்தூர், திரிசூலம்னு மலையும் மலையடிவாரமும். நாலு வயசுப் புள்ளை படியை எண்ணிக்கிட்டே ஏறிடும், இறங்கும்போதுதான் தூக்கச் சொல்லும். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில பழைய மூணு சக்கர சைக்கிள் பேரம் பேசி வாங்கலாம். வண்டலூர் இருக்கு. 1855ல பால்ஃபர் எழும்பூர் மியூசியத்துல ஆரம்பிச்சது, அப்புறம் சென்ட்ரல் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க், இப்ப 602 ஹெக்டேர்ல இருக்கிற வண்டலூருக்கு 1985ல வந்துச்சு. அடுத்த காணும் பொங்கலுக்கு எங்க ஊரே டிராக்டர் டிரெய்லர்ல புளிசோறு கட்டிக்கிட்டுப் போச்சு. சிங்கத்தைப் பார்த்தது கொஞ்சம், நடந்ததுதான் அதிகம்.

சிட்லபாக்கம் ஏரியைப் பத்தித் தனியா சொல்லணும். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரமெல்லாம் முழுகினது உங்களுக்கே தெரியும். அதுக்கப்புறம்தான் ஏரி எதுக்குன்னு நிறைய பேருக்கு உறைச்சுது. 2019 கோடையில சிட்லபாக்கத்து ஜனங்களே ஏரிக்குள்ள இறங்கிக் குப்பை அள்ளினாங்க. அப்புறம் அரசு பணம் ஒதுக்கித் தூர் வாரி, கரையில நடைபாதை போட்டாங்க. கழனி ஒரு காணி கூட இல்லாதவங்க செஞ்ச குடிமராமத்து அது. நான் போனப்ப சாயங்காலம் கரையில தாத்தா பாட்டி, தள்ளுவண்டியில குழந்தை, சைக்கிள் பழகற பசங்கன்னு நல்ல கூட்டம். தண்ணி கேக்க ஆள் இல்லாத ஏரிக்கு, நடக்க வழி கேக்க ஆள் வந்திருக்கு.

எனக்கு இப்ப கவலை எங்க ஊரைப் பத்தி. 2022ல சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904 ஆக்கிட்டாங்க. எங்க பக்கமெல்லாம் உள்ள வந்தாச்சு. ஆயக்கட்டுல பாதி கல்லு நட்டாச்சு. போன கிராம சபையில எழுந்து, களத்துல மிச்சம் இருக்கிற 40 சென்ட்டையாவது விளையாட்டு இடம்னு தீர்மானம் போடுங்கன்னு கேட்டேன். பார்க்கலாம்னு சொன்னாங்க. அடுத்த சபையிலயும் கேப்பேன்.

பேரன் பரீட்சை லீவுக்கு வந்திருக்கான். நாலு வயசுக்கு என்ன பரீட்சையோ. அந்த 60 ரூபா சாக்ஸை மறக்காம பையில வச்சு அனுப்பியிருந்தா. முதல் நாளே கழட்டிட்டான். அதுல கிழிஞ்ச துணியை அடைச்சு, சணல் சுத்திப் பந்து கட்டிக் கொடுத்தேன். ஏரி இன்னும் முழுசா வத்தலை, மேட்டுப் பக்கம் மட்டும் காஞ்சிருக்கு. அங்கதான் எட்டுப் பத்துப் பசங்களோட எறிபந்து ஆடிக்கிட்டு இருக்கான், இப்பவெல்லாம் காலனிப் பசங்க, ஊர்ப் பசங்கன்னு அவங்களுக்குள்ள பேச்சு இல்லை. நேத்து ஒரு பக்கம் பிரிஞ்சு போச்சு, ராத்திரி தைக்கணும்.